முத்தையாவின் பேரில் வந்த போத்தல்

முப்பத்து மூன்று வருடம் நான் மற்றவர்களுடைய மலத்தைப் பார்த்துச் சம்பளம் எடுத்தவன். சிறுநீர், சளி, இரத்தம் எல்லாமும் பார்த்தேன்தான். ஆனால் கலியாண வீட்டுப் பந்தியில் என்னைக் காட்டிக் குசுகுசுக்கிறவர்கள் சளியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

போன மாதம் என் மருமகளின் தங்கை போன் எடுத்தாள். அவளும் இப்போது ஓர் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில்தான் வேலை.

"மாமா, எங்கடை மலருக்கு ஒரு கட்டுரை வேணும். இப்ப நாங்கள் ஒரு அட்டையிலை தடவி ரெண்டு சொட்டு விட்டால் முடிஞ்சுது. அந்த நாளையிலை நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு எழுதுங்கோவன். ஆனால் கொஞ்சம் கண்ணியமா எழுதுங்கோ மாமா."

கண்ணியமாக எழுதுவதென்றால் இதில் எழுத ஒன்றும் இல்லை, பிள்ளை. மலத்தோடு இரத்தம் போன எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கண்ணியத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் செத்தார்கள்.

கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். அதில் நினைவில் நிற்பது விடுதி மூட்டைப்பூச்சி மட்டுமே. பிறகு, எழுபத்தொன்பதில், கிளிநொச்சிப் பக்கம் பெரிய வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன அரசாங்க ஆசுபத்திரிக்கு அனுப்பினார்கள். எது என்று சொல்ல மாட்டேன். பளையில் பிறந்தவனுக்கு அது பக்கம்தானே என்று அம்மா சந்தோஷப்பட்டா. ஆய்வுகூடம் என்று அவர்கள் திறந்துவிட்டது முந்தி விறகு அடுக்கிய அறை. நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. அதற்கு மின்விளக்கு இல்லை, அடியில் ஒரு கண்ணாடி. கிழக்கு யன்னலால் வருகிற வெயிலை அந்தக் கண்ணாடியில் பிடித்து மேலே அனுப்பித்தான் பார்க்க வேண்டும். முகில் மூடினால் அன்றைக்கு வன்னியில் ஒருவருக்கும் வயிற்றுளைவு இல்லை.

"நெருப்புப்பெட்டி அளவுக்குக் கொண்டு வாங்கோ" என்று சொன்னால் நெருப்புப்பெட்டியிலேயே கொண்டு வருவார்கள். அளவு கொள்ளாமல் ஒரு தர்மபுரத்துக் கமக்காரர் பால்மாத் தகரம் நிறையக் கொண்டுவந்து, "ஐயா, கணக்கா வேண்டியதை எடுத்துப்போட்டு மிச்சத்தைத் தாங்கோ" என்றார். மிச்சத்தை என்ன செய்யப் போகிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடுவதுதான் கொஞ்சம் நுட்பமான வேலை. வெள்ளைப் பீங்கான் தட்டில், நெருப்புக்குச்சியின் மருந்தில்லாத நுனியால் ஒரு பொட்டு வைப்பேன். ஒரு வெள்ளைத் தூளை அமிலத்தில் கரைத்து அதன் மேல் இரண்டு சொட்டு, பிறகு புண் கழுவுகிற பெரொட்சைட்டு இரண்டு சொட்டு. ஒரு நிமிடத்துக்குள் நீலம் பிடித்தால் இரத்தம் இருக்கிறது. நீலம் எவ்வளவு கடுமையோ இரத்தமும் அவ்வளவு. அந்தத் தூளே புற்றுநோய் தரும் என்று சொல்லிப் பின்னாளில் நிறுத்திவிட்டார்கள். பத்து வருடமாக அதை விரலால் தொட்ட எனக்கு மட்டும் அறிவிக்க மறந்துபோனார்கள்.

அந்தச் சோதனைக்கு முன் மூன்று நாள் மீன், இறைச்சி, கருவாடு ஒன்றும் தொடக்கூடாது. தொட்டால் அந்த இரத்தமும் நீலம் காட்டும். இதை முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த, சொந்தமாக மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாருக்குச் சொன்னேன். அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, தவக்காலத்துக்கே நாங்கள் இறைச்சியைத்தான் விடுறனாங்கள். ஆண்டவரே கேக்காததை நீர் கேக்கிறீர்."

எங்கள் மாவட்ட வைத்திய அதிகாரியை டி.எம்.ஓ. ஐயா என்போம். அதற்குமேல் பெயர் எழுத மாட்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில் பெரிய இடங்களில் இருக்கிறார்கள், கோபிப்பார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு. முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, பைப்பை முழங்கையாலேயே மூடுவார். மனைவி பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில். இவர் ஆசுபத்திரிக்குப் பின்னால் அரசாங்க வீட்டில் தனியே.

கெட்டிக்காரர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. மலத்தில் இரத்தம் என்றால் அவரிடம் மூன்று கேள்வி இருந்தது. எத்தனை நாள், என்ன நிறம், உடுப்பு லூசாகுதோ. அந்த மூன்றிலும் அவர் வருத்தத்தைப் பாதி பிடித்துவிடுவார். குழப்பம் எங்கே என்றால், அந்த மூன்றையும் வெளிநோயாளர் விறாந்தையில் எண்பது பேர் வாங்கில் இருக்க, எல்லோருக்கும் கேட்கக் கேட்பார்.

ஒருநாள் புதுக்குடியிருப்பிலிருந்து கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார்.

"வயித்துக் கோளாறு ஐயா."

"வயித்துக் கோளாறெண்டால் வயித்தையெல்லோ பிடிச்சுக்கொண்டு வருவாய். நீ ஏன் கதிரையிலை ஒரு பக்கம் சரிஞ்சு இருக்கிறாய்?"

வாங்கில் சிரிப்பு.

"கொஞ்சம் சூடு ஐயா. சைக்கிள் ஓட்டம் கூட…"

"எத்தினை நாளாச் சூடு?"

"ஒரு ஆறு மாசம்."

"ஆறு மாசச் சூடெண்டால் நீ இவ்வளவுக்கு அவிஞ்சிருக்கோணும். ரத்தம் என்ன நிறம்? சைக்கிளுக்கும் போகுதோ?"

அந்த மனிதருக்குச் சாதாரண மூலம்தான், மருந்தோடு மாறியது. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வாங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் முறை வந்ததும் "தலையிடி ஐயா" என்று சொல்லி இரண்டு குளிசையோடு வீட்டுக்குப் போனார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தாதிமாருக்கு அவர் அடிக்கடி சொல்கிற பாடம் எனக்கும் மனப்பாடம். "காய்ச்சலோடை, சளியும் ரத்தமுமா அடிக்கடி போனால் வயிற்றுளைவு, அண்டைக்கே வரச் சொல்லுங்கோ, குழந்தைப்பிள்ளையெண்டால் உடனை. தார் மாதிரிக் கறுப்பாப் போய்த் தலை சுத்தினால், அது மேல்வயித்திலை எங்கையோ உடைஞ்சு ஓடுது. வண்டில் கட்டியெண்டாலும் அந்த நேரமே கொண்டு வரவேணும். சிவப்பா ஒருக்கால் கண்டு நிண்டுட்டால் பெரிசாப் பயப்பிடத் தேவையில்லை, ஆனால் வந்து காட்டட்டும். ரெண்டு கிழமைக்கு மேலை நிண்டால், போற பழக்கம் மாறினால், மெலிஞ்சால், யாழ்ப்பாணம். நாப்பது வயதுக்கு மேலை மூலம் எண்ட சொல்லை நான் பாத்துப்போட்டுச் சொல்லவேணும். அவன் தானாச் சொல்லக்கூடாது."

எவ்வளவு சரியான பேச்சு! பீற்றூட் கறி தின்றுவிட்டு மறுநாள் காலையில் கக்கூசுக்குள்ளிருந்து அழுதுகொண்டு ஓடி வந்த கிராமசேவகரைக் கூட அவர் முதல் கேள்வியிலேயே பிடித்தார்.

இனி முத்தையா. எண்பத்தொன்றில் அவர் எங்களிடம் தற்காலிகச் சிற்றூழியர். மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழு கலவரத்தோடு மனைவி செல்லம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தர்மபுரத்துக்கு வந்தவர். நாற்பது வயது, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. ஆனால் நான் அவரை "நீ" என்பேன். அவர் என்னை "லாப் ஐயா" என்பார். அரசாங்க வேலை கிடைத்ததும் எங்களுக்கு முளைக்கிற கொம்பு அது. இப்போது எழுதும்போதாவது "அவர்" என்று எழுதுகிறேன்.

காலையில் டி.எம்.ஓ. ஐயாவின் வீட்டுக்குப் போய் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வருவது முத்தையாவின் முதல் வேலை. ஒருநாள் பையோடு பழைய பத்திரிகையில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொதியும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"ஐயா குடுக்கச் சொன்னாருங்க."

பிரித்தேன். திருகு மூடி போட்ட தடித்த கண்ணாடிப் போத்தல். மூடியில் ஏதோ வெளிநாட்டுப் பழத்தின் படம். தட்டச்சில் அடித்து ஒட்டிய ஆங்கிலத் துண்டில் முத்தையாவின் பெயர், ஆண், வயது நாற்பது. மறைந்த இரத்தத்துக்குப் பார்க்கவும். சரி, ஐயா இவரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், இவர் கொடுத்திருக்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். அந்தத் துண்டை வாசிக்க முத்தையாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதை நான் யோசிக்கவில்லை.

நீலம் பிடித்தது. அடுத்த இரண்டு நாளும் போத்தல் வந்தது, இரண்டும் நீலம். மூன்று பெறுபேற்றையும் உறையில் போட்டு ஒட்டி ஐயாவுக்கு அனுப்பினேன். ஆய்வுகூடக்காரன் நோயாளியோடு பெறுபேறு பேசக்கூடாது. அது எங்கள் சட்டம்.

பத்து நாள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. முத்தையா தன் பாட்டுக்கு வாளி தூக்கித் திரிந்தார். நான் ஐயாவின் அறைக்குப் போனேன்.

"ஐயா, முத்தையாவின்ரை மூண்டும் பொசிற்றிவ்."

"ம்."

"யாழ்ப்பாணத்துக்குத் துண்டு எழுதேல்லையோ?"

"மூலமா இருக்கும். ஒரு மாசம் பாப்பம்."

பார்க்காமல் மூலம் என்று சொல்லக்கூடாது என்று விறாந்தை அதிரக் கத்துகிற வாயிலிருந்து வந்த சொல் இது. மாதம் முடிந்து அடுத்த போத்தல் வந்தது. முந்தியதை விடக் கடும் நீலம். நுணுக்குக்காட்டிக்கு அடியிலும் சிவப்பணுக்கள் கண்டேன். திரும்பவும் போனேன். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார். கண்ணை நிமிர்த்தவில்லை.

அன்றைக்கு எனக்குள் ஓர் எண்ணம் முளைத்தது. தோட்டத்திலிருந்து வந்தவன், தற்காலிகம், அவன் செத்தால் நாளைக்கு இன்னொருவன் வாளி தூக்குவான், அதனால்தான் இந்த அலட்சியம். அந்த எண்ணம் எனக்கு நல்ல சூட்டைத் தந்தது. மற்றவனுடைய கெட்ட குணத்தைக் கண்டுபிடித்த நாளில் மனிதனுக்கு வருகிற உற்சாகம் வேறு எதிலும் வருவதில்லை.

முத்தையா கிணற்றடியில் போத்தல்கள் கழுவிக்கொண்டிருந்தார். சட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"முத்தையா, உன்ரை சோதனை சரியில்லை."

"எதுங்க, பூச்சி டெஸ்ட்டா?"

அந்தக் காலத்தில்தான் குசினி ஆட்கள், சிற்றூழியர் எல்லோருக்கும் புழுச் சோதனை செய்திருந்தோம். அவர் அதை நினைத்தார்.

"பூச்சியில்லை. உனக்கு ரத்தம் போகுது."

"ரத்தமா? எனக்கு ஒண்ணும் போகலீங்களே."

இதே பதிலை இதே முகத்தோடு நூறு பேர் சொல்லக் கேட்டவன் நான். இரத்தம் போகிற ஒருவனும் முதல் முறை ஓம் என்று சொன்னதில்லை.

"வெக்கப்படாதை. கண்ணுக்குத் தெரியாமலும் போகும். அதுக்குத்தான் மருந்து விட்டுப் பாக்கிறது."

அதற்குமேல் அந்த மனிதன் என்ன சொல்ல முடியும்? தன் கண்ணை நம்பக்கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

"மெலிஞ்சிட்டனியோ?"

"நான் எப்பங்க குண்டா இருந்தேன்?"

அடுத்த நாள் செல்லம்மா மஞ்சள் நூல் கட்டிய கையோடு ஆசுபத்திரிக்கு வந்து நின்றா. இரவு முழுக்க அழுத முகம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாயிற்றாம். நான் பெறுபேறு கொடுக்க ஐயாவின் அறையில் நின்ற நேரம் உள்ளே வந்து, நேரே அவர் காலில் விழுந்தா.

"எம் புருசனைக் காப்பாத்துங்க ஐயா. மூணு புள்ளைங்க."

ஐயாவின் முகம் வெளுத்தது. கதிரையை விட்டு எழும்பி, திரும்ப இருந்தார்.

"எழும்பு, எழும்பு. அவனுக்கு ஒண்டுமில்லை."

"பாக்காமலே எப்படிங்க தெரியும்?"

எண்பது பேருக்கு முன்னால் எவனையும் மடக்குகிற மனிதர் மருந்துத் துண்டுக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியும்" என்றார். விற்றமின் குளிசைத் துண்டு ஒன்று எழுதிக் கொடுத்தார். எவ்வளவு திமிர் என்று நான் பல்லைக் கடித்தேன். அந்த ஒன்றரை மாதத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்று பின்னேரமே பெறுபேறுகளின் பிரதி எடுத்து, என் கையெழுத்தைப் போட்டு, முத்தையாவிடம் கொடுத்தேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. நாலாம் நாள் காலை பஸ்ஸில் அவர் யாழ்ப்பாணம் போனார். போகுமுன் மூன்று நாளாகக் கருவாடும் தொடவில்லை. செல்லம்மா தொட விடவில்லை.

இரண்டாம் நாள் மூன்று மணி பஸ்ஸில் திரும்பி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆய்வுகூடத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"ஒண்ணும் இல்லையாங்க. சுத்தமா இருக்காம். புள்ளைத்தாச்சி மாதிரி எனிமா குடுத்து, முட்டி போடச் சொல்லி, இம்மாம் நீளத்துக்குக் கொழாய் விட்டுப் பாத்தாங்க. படிக்கிற பொண்ணுங்க நாலு பேரு சுத்தி நின்னாங்க." யாழ்ப்பாணத்தில் கொடுத்த துண்டை என் மேசையில் வைத்தார். "அங்கயும் டெஸ்ட்டு பண்ணாங்க. நீலம் வரலியாம். அந்தப் பெரிய டாக்டரு கேட்டாரு, இது உன்னுது தானான்னு. நான் எப்பங்க உங்களுக்கு மூணு நாளு குடுத்தேன்? பூச்சி டெஸ்ட்டுக்கு ஒருக்கா, நெருப்புப்பெட்டியில. அவ்வளவுதாங்க."

"போத்தல்? பேப்பரிலை சுத்திக் கொண்டு வந்தியே?"

"அது ஐயா குடுத்ததுங்க. ஐயா வீட்டுல. ஐயாதான் கட்டி வச்சிருந்தாரு."

என் மேசைக்கு அடியில் கழுவிக் கவிழ்த்த அந்தப் போத்தல் இருந்தது. அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது. பாரை மீன் கொண்டு வருகிறவனை ஐயா மூன்று நாளாகத் திருப்பி அனுப்பினார் என்று அவருக்குச் சமைக்கிற குசினிக்காரி முறைப்பட்டது. வெள்ளைக் காற்சட்டையின் இடுப்பில் இரண்டு மடிப்பு கூடியிருந்தது. விறாந்தையில் நாலு எட்டு நடந்ததும் அவர் தூணைப் பிடித்து நின்றது. உடுப்பு லூசாகிற கேள்வியை எத்தனை பேரிடம் ஐயா கேட்கக் கேட்டவன் நான். கண்ணுக்கு முன்னால் ஒன்று லூசானபோது அதற்குள் ஒரு டொக்டர் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

ஐயாவின் வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போனோம். சாய்மனைக் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் போத்தலை மேசையில் வைத்தேன்.

முதலில் கோபம் வந்தது அவருக்கு. "மலம் பாக்கிற நீர் டொக்டர் வேலை பாக்க வெளிக்கிட்டீரோ? என்ரை கையெழுத்தில்லாமல் ரிப்போட் குடுக்க ஆர் உமக்கு அனுமதி தந்தது? நான் மேலிடத்துக்கு எழுதுறன்."

"எழுதுங்கோ ஐயா. எத்தினை நாளாப் போகுது உங்களுக்கு?"

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "இது சும்மா வன்னிச் சூடு. குசினிக்காரி மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுறாள். நாள் முழுக்கக் கதிரையிலை இருந்தால் ஆருக்கும்தான்…" சொல்லிக்கொண்டு போகப்போக அவருக்கே தன் குரல் கேட்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டார்.

"பதினொரு மாசம்" என்றார்.

"ஐயா!"

"யாழ்ப்பாணத்திலை இப்ப இருக்கிற சேர்ஜன் ஆரெண்டு தெரியுமோ? என்னட்டை ராகிங் வாங்கினவன். பெஞ்சிலை ஏத்தி நிப்பாட்டிப் பாடச் சொன்னனான். அவன்ரை மேசையிலை நான் முழங்காலிலை குனிஞ்சு நிக்கிறதோ?"

ஒரு கெட்டிக்கார டொக்டரின் உயிர் பதினொரு மாதம் எதில் தொங்கியது பாருங்கள்.

இவ்வளவு நேரமும் கதவடியில் நின்ற முத்தையா அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் கத்தியிருந்தால் நியாயம். கத்தவில்லை.

"நான் நின்னேங்க ஐயா. உங்களுக்குப் பதிலா நான்தான் நின்னேன். அஞ்சு நிமிசம்தான். செவுத்துல ஒரு காலண்டர் மாட்டியிருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டே நின்னேன், முடிஞ்சிருச்சு."

ஐயா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பது போல, "என்ன படம்?" என்றார்.

"பூனைக்குட்டிங்க. கூடையில ரெண்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"செல்லம்மாவுக்கு என்ன சொல்லுவாய்?" என்று ஐயா கேட்டார்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லுவேன். நீங்கதான் அன்னிக்கே சொல்லிட்டீங்களே." அதில் ஒரு முள் இருந்தது, அது போக வேண்டிய இடத்துக்குப் போனது. "காலையில பஸ்ஸு அஞ்சே முக்காலுக்குங்க. எடம் எனக்குத் தெரியும். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அடுத்த நாள் காலை ஐயாவின் பையைத் தூக்கிக்கொண்டு முத்தையா முன்னே போக, ஐயா பின்னால் போனார். காரை எடுக்கவில்லை, இருக்கிற களைப்போடு ஆனையிறவு தாண்டும் மட்டும் தன்னால் ஓட்ட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முத்தையா பஸ்ஸில் தன் சால்வையை மடித்து, மெலிந்த உடம்பு குலுங்காமல் அவருக்கு அடியில் போட்டாராம். பெருங்குடலில் தேசிக்காய் அளவு கட்டி வளர்ந்திருந்தது. வெட்டி எடுத்தார்கள். அந்தச் சேர்ஜன் ராகிங் கதையை ஒரு சொல்லும் எடுக்கவில்லையாம். "அண்ணை, ஆறு மாசம் முந்தி வந்திருந்தால் இதிலை பாதி வெட்டுத்தான். ஆறு மாசம் பிந்தியிருந்தால் நான் வயித்தைத் திறந்துபோட்டு மூடியிருப்பன்" என்று மட்டும் சொன்னாராம்.

இதற்கிடையில் எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதிகாரமின்றிப் பெறுபேறு வழங்கியது ஏன் என்று பதினான்கு நாளுக்குள் எழுத வேண்டும். நாங்கள் வீட்டை விட்டுப் போன அந்தப் பின்னேரமே மனிதர் எழுதித் தபாலில் போட்டிருக்கிறார். தன் உயிர் கையில் இருக்கிறபோதும் ஒழுங்குமுறை தவறாத உத்தியோகத்தர். மூன்று மாதத்தால் வேலைக்குத் திரும்பி வந்ததும் அதே பைலில் "விளக்கம் திருப்திகரமானது" என்று தன் கையாலேயே எழுதினார். நான் அதுவரை விளக்கமே கொடுக்கவில்லை.

திரும்பி வந்தவர் விறாந்தையில் கேள்வி கேட்பதை நிறுத்தினார். உள்ளே ஒரு திரைச்சீலை கட்டுவித்தார். அதற்குப் பிறகாவது ஆட்கள் வந்து கொட்டுவார்கள் என்று நினைத்தோம். வரவில்லை. திரைக்குப் பின்னால் போகிறவனுக்கு என்ன வருத்தம் என்று வாங்கில் இருந்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். திரை ஒரு விளம்பரப் பலகை ஆகிவிட்டது.

ஆட்களை உள்ளே கொண்டுவந்தது முத்தையா. சைக்கிள் நிறுத்துகிற வேப்பமரத்தடியில், சரிந்து நடக்கிறவன், இருக்க மாட்டாமல் நிற்கிறவன், "தலையிடி" என்று சொல்லத் துண்டு எடுக்கிறவன் எல்லோரையும் எப்படியோ அடையாளம் கண்டு பக்கத்தில் போவார்.

"எனக்கும் போனிச்சுங்க. ஒரு வருசம் மூலம் மூலம்னு சும்மா கெடந்தேன். யாழ்ப்பாணத்துல கொழாய் விட்டுப் பாத்தாங்க. அஞ்சு நிமிசம். இப்பப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்." நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டுவார்.

செல்லம்மா என்னிடம் வந்து முறைப்பட்டா. "ஊரெல்லாம் தன் குண்டிக் கதையைச் சொல்லிக்கிட்டுத் திரியுதுங்க இந்த மனுசன். பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும், கொஞ்சம் சொல்லுங்க."

நான் முத்தையாவைக் கேட்டேன். "உங்களுக்கு ஒண்டும் போகேல்லையே. ஏன் இந்தப் பொய்?" அந்த வருடத்தில் எப்போதோ நான் "நீங்கள்" என்று மாறியிருந்தேன்.

"ஒண்ணும் இல்லாதவனுக்குக் கொழாய் விட்டாங்கன்னு சொன்னா சிரிப்பாங்க ஐயா. ரத்தம் போனவன்னு சொன்னா கேப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையா போனவருதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரே" என்றார்.

அந்த மரத்தடி வழியாக வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மூலமும் வயிற்றுளைவும்தான். சில பேருக்கு அப்படியில்லை. அவர்களை யாழ்ப்பாணம் அனுப்பினோம், எல்லோரும் தப்பவில்லை. எண்பத்தைந்துக்குப் பிறகு வீதி மூடுகிற நாட்கள் கூடின. வெட்கத்தை விட்டு வந்தவனுக்குப் பஸ் இல்லாமல் போன கொடுமையை நான் இங்கே எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும்.

ஒரு மத்தியானம் பளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாத்தியாரை முத்தையா மரத்தடியில் பிடித்து வைத்திருந்தார். நான் சைக்கிள் எடுக்கப் போய்ப் பக்கத்தில் நின்றேன். முத்தையாவின் கதை இப்போது நன்றாக வளர்ந்திருந்தது.

"அப்படி ஒரு வலிங்க வாத்தியாரையா. உசுரு போற வலி. ராவெல்லாம் தூங்கலை. அதான் பயந்து போய் ஓடினேன்."

"எனக்கு நோ ஒண்டுமில்லை" என்றார் வாத்தியார் நிம்மதியாக. "அப்ப இது அதில்லை." துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை நோக்கித் திரும்பினார்.

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற வழியில் டி.எம்.ஓ. ஐயா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை ஒருவரும் காணவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. வாத்தியாரின் சைக்கிள் கைபிடியில் கை வைத்தார்.

"முத்தையா, பிழையாச் சொல்லாதை" என்றார். சத்தம் போடவில்லை, ஆனால் மரத்தடியில் நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்டது. "நோகேல்லை எண்டு சொல்லு. ஒரு நோவும் இருக்கேல்லை. நோகாதபடியால்தான் பதினொரு மாசம் விட்டனான்."

வாத்தியார் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார்.